மூன்றாவது அடி கொஞ்சம் தாமதம்

நாலு மணிக்கு விட வேண்டிய பள்ளிக்கூடம் அந்தப் புதன்கிழமை இரண்டு ஐம்பதுக்கே விட்டுவிட்டது. மணி அடித்தது, எல்லாரும் கிளம்பிப் போனார்கள். கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கைச் சமக்குறியோடு நிறுத்திவிட்டுப் போனார். பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார்.

மணிக்காரர் சாமான் அறையில் ஒரு கோழித் தூக்கம் போட்டுவிட்டு எழுந்து வந்தார். வெறும் மைதானத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"நான் அடிக்கலையே" என்றார். கேட்பதற்கு ஒரு நாய் மட்டும் இருந்தது. அது நம்பிய மாதிரிதான் தெரிந்தது.

அடித்தது மீட்டர்.

மீட்டர் எட்டாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து கண் தெரியாது. எங்கிருந்து எங்கே போனாலும் அடி எண்ணிக்கொண்டே போவாள். வகுப்பிலிருந்து தண்ணீர்க் குழாய் முப்பத்தொரு அடி, கேட் நூற்றுப் பன்னிரண்டு அடி என்று கேட்டவுடன் சொல்வாள். அதனால் வந்த பட்டப்பெயர். பெயரைவிட இதுவே நன்றாக இருக்கிறது என்று அவளும் வைத்துக்கொண்டாள்.

அவள் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வாரம் பெரிய டீச்சர் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். பயிற்சியில் என்ன சொன்னார்களோ, இவர் காதில் பாதிதான் விழுந்திருக்க வேண்டும். ஆசிரியர் அறைப் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டார்: 'சிறப்புக் குழந்தையிடம் அன்பு காட்டவும். அதட்டக் கூடாது. வேலை வாங்கக் கூடாது.' அன்றிலிருந்து மீட்டர் என்ன செய்தாலும் ஒரே பதில்தான். பரவாயில்லம்மா.

வீட்டுப்பாடம் எழுதவில்லையா, பரவாயில்லம்மா. தாமதமா, பரவாயில்லம்மா. அவள் சோதித்தும் பார்த்தாள். ஒன்பது நாள் வெறும் தாளைக் கொடுத்தாள். பத்தாவது நாள் பிரெய்ல் புள்ளி எழுத்தில், 'கணக்கு டீச்சர் மத்தியான வகுப்பில் தூங்குகிறார், குறட்டை மெல்லிசு' என்று குத்திக் கொடுத்தாள். கணக்கு டீச்சர் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, 'மிக நன்று' என்று எழுதி நட்சத்திரமும் போட்டார்.

வகுப்பு சும்மா இருக்குமா? பன்றிக்குட்டி மாதிரி மோப்பம் பிடித்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி உடைந்தால் "மீட்டர் கை பட்டுடுச்சு டீச்சர்". மைக்கூடு கவிழ்ந்தால் மீட்டர். வருகைப் பதிவேடு தண்ணீர்த் தொட்டியில் மிதந்தால் அதுவும் மீட்டர். அவளும் தலையை ஆட்டுவாள். "பரவாயில்லம்மா, உனக்கு அடி படலையே?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வருஷம் மட்டும் பதினாலு குற்றம். ஒன்றுகூட அவள் செய்ததில்லை.

"நீ எங்களுக்கு ரேஷன் கார்டு மாதிரி மீட்டரு. உன்ன வச்சுத்தான் குடும்பமே ஓடுது" என்பாள் வாலு.

வாலு பக்கத்து இருக்கை. பதினாலில் ஆறு அவளுடையது. பெயருக்கு ஏற்ற பிள்ளை. ஆனால் பாடப்புத்தகத்தை மீட்டருக்கு வரி விடாமல் படித்துச் சொல்வதும் அவள்தான். பிடிக்காத பாடத்தில் நடுநடுவே தன் சொந்தச் சரக்கையும் கலந்து விடுவாள்.

புதன்கிழமை கடைசி இரண்டு பீரியட் விளையாட்டு. வகுப்பு மொத்தமும் மைதானத்துக்கு ஓடும். விசில் சார் மீட்டரின் தோளைத் தொட்டு, "நீ இங்கயே பத்திரமா உக்காரும்மா, பசங்க பையெல்லாம் பாத்துக்க" என்பார். கண் தெரியாத பிள்ளையைப் பை பார்த்துக்கொள்ளச் சொல்கிறோமே என்று அவருக்கு ஒரு புதன்கிழமைகூடத் தோன்றவில்லை. நாற்பத்தொரு பை, ஒரு மீட்டர். வெளியே கத்தல், விசில், ஓடும் கால்கள். உள்ளே மின்விசிறி.

கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை என்று ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் சும்மா. எட்டு புதன்கிழமை யாரைப் பைகளோடு உட்கார வைத்தாலும் பள்ளிக்கூடத்தின் சத்தம் மனப்பாடம் ஆகிவிடும். மணிக்காரர் இரண்டரைக்குச் சாமான் அறைக் கதவைச் சாத்துவார். இரும்புக் கம்பியை வெளியே ஜன்னல் மேட்டில் வைப்பார், சிமெண்டில் இரும்பு உரசும். பிறகு குறட்டை. கடைசி மணி ஏழு அடி. தோள் வலியில் மூன்றாவது அடி கொஞ்சம் தாமதமாக விழும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு இருமல்.

ஒன்பதாவது புதன்கிழமை அவளுக்கு அலுத்துவிட்டது. எழுந்தாள். ஐம்பத்தெட்டு அடி நடந்தாள். மேட்டில் கையை வைத்துக் கம்பியை எடுத்தாள். மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தடவி, அடித்தாள். இருமலுக்கு உரிய இடைவெளியையும் விட்டாள். திரும்பி வந்து, பைகளுக்குச் சொந்தக்காரர்கள் ஓடி வருவதற்குள் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

*

மறுநாள் காலையில் வாலு பிடிபட்டாள். மணி அடித்த நேரத்தில் அவள் மைதானத்தில் இல்லை, தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். தண்ணீர்க் குழாய் மணிக்குப் பக்கத்தில், சுவருக்கு அந்தப்புறம். வேறு யாரையும் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இன்னொரு தப்பு பண்ணினா டி.சி.ன்னு போன மாசமே சொன்னேனா இல்லையா?" என்றார் பெரிய டீச்சர்.

"சொன்னீங்க டீச்சர். ஆனா இத நான் பண்ணல டீச்சர். சத்தியமா. மத்ததெல்லாம் நான்தான்."

"மத்தது எது?"

வாலு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா லாரி ஓட்டுகிறார். டி.சி. வந்தால் மறுநாளே துணிக்கடையில் சேலை மடிக்கப் போக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். கடைக்காரரிடமும் பேசி வைத்திருந்தார். அந்த ஆள் சொன்னால் செய்கிற ஆள். இடைவேளையில் வாலு மீட்டரிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், "நாளு பூரா நின்னுட்டே மடிக்கணுமாம்டி. ஒக்காரவே விட மாட்டாங்களாம்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

மீட்டர் எழுந்து நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போனாள்.

"டீச்சர், மணிய அடிச்சது நான்."

"பரவாயில்லம்மா" என்றார் பெரிய டீச்சர், பழக்கத்தில். பிறகுதான் நிமிர்ந்தார். "யார் சொல்லச் சொன்னா உன்ன?"

"யாரும் சொல்லல. நான்தான் அடிச்சேன்."

"ஜன்னல உடைச்சதும் நீதான்னு சொன்ன?"

"அது நான் இல்ல டீச்சர்."

"பதிவேடு?"

"அதுவும் நான் இல்ல. ஆனா மணி நான்தான்."

பெரிய டீச்சருக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. பதினாலும் உறைத்தது. முகம் சிவந்து போனார். "ஒரு பாவப்பட்ட பிள்ளை தலையில பழியக் கட்டிட்டு, டி.சி. கிழிக்கிற நேரத்துலயும் அவளையே அனுப்பி வைக்கறாளா? அந்த வாலுவுக்கு இனி இரக்கமே கிடையாது. ரெண்டு பேர் வீட்டுலயும் மத்தியானம் வரச் சொல்லு."

வாலுவைக் காப்பாற்றப் போனவள், அவள் கழுத்தில் கயிற்றை இன்னும் இறுக்கிவிட்டு வந்தாள்.

"போய் என்னடி சொன்ன?" என்று வாலு கேட்டாள்.

"உண்மைய."

"உன்ன யாரு சொல்லச் சொன்னா? பொய் சொன்னா நம்புறாங்க, அதச் சொல்லித் தொலைய வேண்டியதுதான? உண்மைலே நீதானா?"

"நான்தான்."

வாலு அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "அடிப்பாவி! சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல!"

*

மத்தியானம் இரண்டு மணிக்கு மீட்டரின் அம்மா வந்தாள். சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்குகிறவள். புருவம்வரை சாம்பல் நிறம். தலையில் மூட்டைக்கு வைத்த சும்மாடு அப்படியே இருந்தது, கழற்ற நேரமில்லை. நாற்காலியைக் காட்டினார்கள். "தூசி ஆயிடும்" என்று நின்றே கேட்டாள். வாலுவின் அப்பா லோடு ஏற்றிப் போயிருந்தார், சாயங்காலம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வாலு சுவரோரம் நின்றாள். அவளைக் கையும் களவுமாகப் பிடித்தது போல மணிக்காரர் பக்கத்தில் நின்றார்.

பெரிய டீச்சர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "உங்க பொண்ணு மேல தப்பே இல்லம்மா. நீங்க கவலைப்படாதீங்க. கூட இருக்கறவங்க இவளப் பயன்படுத்திக்கறாங்க. இவ மணி அடிச்சதா இவளையே சொல்ல வச்சிருக்காங்க."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "நீயா?"

"நான்தான்மா."

"அப்ப இவதான் டீச்சரம்மா."

"இல்லம்மா, அவளால எப்படி..."

"ஏன், கை இல்லையா அவளுக்கு?" கிடங்கில் பேசுகிற குரல், அறைக்குப் பெரிதாக இருந்தது. "வீட்ல அடுப்பு பத்த வைக்கிறா. குழாயடில நாலு பொம்பளைங்களோட சண்ட போட்டு என் முறைய வாங்குறா. போன மாசம் பக்கத்து வீட்டுக் கோழிய எங்க கொல்லைல பூட்டி வச்சுட்டு ரெண்டு நாள் முட்டை எடுத்திருக்கா. அதுக்கு வாங்கினா பாருங்க எங்கிட்ட! இங்க வந்தா மட்டும் மணி அடிக்கத் தெரியாதா?"

"அம்மா, அந்தக் கோழிக் கதை இப்ப எதுக்கு?" என்றாள் மீட்டர்.

"நீ வாய மூடு. திருட்டு முண்டம்."

மீட்டர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கட்டடத்துக்குள் அவளை ஒருவர் திட்டியது அதுதான் முதல் தடவை.

பெரிய டீச்சர் மேஜையைத் தட்டினார். "சரி. பாத்துடலாம். இங்கயே, இப்பவே. முதல்ல இவ அடிக்கட்டும்" என்று வாலுவைக் காட்டினார்.

எல்லாரும் வராந்தாவுக்கு வந்தார்கள். மணிக்காரர் கம்பியை எடுத்துக் கொடுத்தார். வாலு இரண்டு கையாலும் ஓங்கி ஏழு போட்டாள். பாத்திரக் கடையில் பூனை புகுந்த மாதிரி இருந்தது. ஆறாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டது. "யாருடா அது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனது. வேறு ஒரு ஈ, காக்கை அசையவில்லை.

"பள்ளிக்கூடத்தையே இப்படித்தான் ஏமாத்தினியா?" என்று பெரிய டீச்சர் கேட்டார். கேட்கும்போதே குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"நான் அடிக்கலேன்னுதான டீச்சர் நானும் சொல்றேன்."

"கம்பிய பழைய எடத்துல வைங்கண்ணே" என்றாள் மீட்டர். "நான் வகுப்புலேர்ந்து வரேன்."

வகுப்புக்குப் போய், அங்கிருந்து திரும்பி நடந்தாள். ஐம்பத்தெட்டாவது அடியில் நின்றாள். கையை உயர்த்தினாள், கம்பி கைக்கு வந்தது.

"இந்த எடம் எம்பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாதே" என்றார் மணிக்காரர்.

"மெதுவா அடிம்மா. சும்மா அடையாளத்துக்கு" என்றார் பெரிய டீச்சர்.

மெதுவாக அடித்தால் அது மணிக்காரர் மணி ஆகாது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கொஞ்சம் தாமதம். மணிக்காரரின் இடது கை தானாக வலது தோளைப் பிடித்துக்கொண்டது. நான்கு. ஐந்து. அவள் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் மணிக்காரர், தன்னை அறியாமல், இருமினார்.

ஆறாவது அடிக்கே பெஞ்சுகள் இழுபட ஆரம்பித்தன. ஏழு முடிவதற்குள் நாலு வாசலிலிருந்தும் பிள்ளைகள் கொட்டிக்கொண்டு வந்தார்கள்.

"நில்லுங்க! இது மணி இல்ல! போகாதீங்க!" என்று பெரிய டீச்சர் கத்தினார். வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் காதில் எது ஏறும்? கணக்கு டீச்சர் சாப்பாட்டுக் கூடையோடு அவரைக் கடந்து போனார். "வரேன் டீச்சர்" என்றார். கொட்டாவி விட்டபடியே கேட்டைத் தாண்டிவிட்டார்.

இரண்டு நிமிஷம். அவ்வளவுதான். மைதானத்தில் தூசி மட்டும் பறந்தது. நேற்றைய நாய் வந்து உட்கார்ந்தது.

"டீச்சரம்மா" என்றாள் மீட்டரின் அம்மா. "உங்க கையில என்ன?"

பெரிய டீச்சர் குனிந்து பார்த்தார். தோளில் கைப்பை. கையில் குடை. எப்போது உள்ளே போனார், எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

முதலில் வாலு சிரித்தாள். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மணிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. இருபது வருஷம் அடித்த மணி. "அந்த மூணாவது அடி வரைக்கும் கவனிச்சிருக்கியே புள்ள. இந்தத் தோளு வலிக்குதான்னு எம்மவனே ஒரு நாள் கேட்டதில்ல" என்றார்.

பெரிய டீச்சர் குடையைச் சுவரில் சாய்த்தார். "பர..." என்று வாய் தொடங்கியது.

மீட்டரின் முகம் சுருங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். அடி வாங்கினாற்போலச் சுருங்கியது.

பெரிய டீச்சர் வாயை மூடினார். தொண்டையைக் கனைத்தார். பிறகு, எட்டாம் வகுப்பு முழுக்கப் பயப்படுகிற குரல் வந்தது. "என்ன திமிர் இருந்தா பள்ளிக்கூடத்தையே ரெண்டு தடவ வீட்டுக்கு அனுப்புவ? எதுக்கு அடிச்ச? சொல்லு!"

"பை பாத்து அலுத்துப் போச்சு டீச்சர். அதுங்க பேசாதுங்க."

"என்ன பை?"

மீட்டர் சொன்னாள். எட்டு புதன்கிழமையையும், நாற்பத்தொரு பையையும், விசில் சார் தோளைத் தொடுவதையும் சொன்னாள். பெரிய டீச்சர் ஆசிரியர் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அங்கே சிவப்பு எழுத்து அப்படியேதான் இருந்தது.

"மணி அடிச்சா என்ன தண்டனை இங்க?"

"மைதானத்த மூணு சுத்து டீச்சர், ஒரு வாரம். போன வருஷம் ஒரு பையன் ஓடினான்" என்றார் மணிக்காரர், ஆசையாக.

"மூணு சுத்து. ஒரு வாரம். கடைசி பீரியட்ல. ரெண்டு பேரும்."

"நான் எதுக்கு டீச்சர்?" என்று வாலு எழுந்தாள்.

"பதினாலு."

"ஆறுதான் டீச்சர் என்னோடது!"

"மீதி எட்டு பேர் பேரையும் நாளைக்கு எழுதிக் குடு. அவங்களும் ஓடட்டும்."

"டி.சி.?"

"ஓடி முடி. அப்புறம் பாப்போம். உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

மீட்டரின் அம்மா சும்மாட்டைச் சரிசெய்தாள். ஒரு லோடு பாக்கி இருந்தது. போகும்போது மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சிமெண்ட் தூசி உதிர்ந்தது.

*

மறுநாள் விசில் சார்தான் கலங்கிப்போனார். "எப்படிம்மா ஓடுவ? விழுந்துட்டா?"

"விழுந்தா எந்திரிக்கணும்னு எங்கம்மா சொல்லிச்சு சார்." மீட்டர் பையிலிருந்து மூட்டை கட்டும் சணல் கயிறு ஒன்றை எடுத்தாள். ஒரு முழ நீளம், இரண்டு முனையிலும் முடிச்சு. ஒரு முடிச்சை வாலு கையில் கொடுத்தாள்.

முதல் சுற்றில் வாலு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினாள். "பள்ளம்டி" என்று அவள் சொல்லும்போது மீட்டர் பள்ளத்தில் இருந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. விசில் சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓடி வந்தார்.

"பர..."

"சொல்லாதீங்க சார்!" என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

"எந்திரிடி. ரெண்டு சுத்து பாக்கி. பள்ளத்த முன்னாடியே சொல்லல, அது என் தப்பு" என்றாள் வாலு. பின்னால் எட்டுப் பேரும் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், "யாரு காட்டிக் குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே ஓடினான்.

இரண்டாவது சுற்றில் யார் யாரை இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை. மூன்றாவதில் தெரிந்தது.

"மெதுவாடி, எனக்கு விலா பிடிக்குது."

"சுவர் ஓரமா ஓடு. அங்க மண்ணு கெட்டி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் வேற. நீ மூச்ச விடு, பேசாத."

அப்போது மணி அடித்தது. முதலில் மூன்று. நிறுத்தம். பிறகு அவசரமாக ஐந்து. ஒன்றுக்குமே தாமதம் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளைகூட வெளியே வரவில்லை. விசில் சார் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"சார், கடைசி மணி அடிச்சாச்சு. மணிக்காரரு தாளத்த மாத்திட்டாரு. எட்டு அடி. இடது கையில அடிக்கிறாரு" என்றாள் மீட்டர்.

வராந்தாவில் மணிக்காரர் கம்பியை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "மணி அடிச்சேன்யா! வீட்டுக்குப் போங்கய்யா! இது உண்மையான மணிதான்யா!" உள்ளே கணக்கு டீச்சர், "யாரும் அசையக் கூடாது, இது அந்தப் பிள்ளை வேலை" என்று சொல்வது மைதானம்வரை கேட்டது.

வாலு நின்றுவிட்டாள். "அப்ப விடுடி கயித்த. போலாம்."

மீட்டர் விடவில்லை. "இன்னும் எண்பது அடி இருக்கு" என்று சொல்லி இழுத்தாள்.